கபீர் நானா போட்டுக்கொடுத்த விண்டோஸ்

என் கூடப்பிறந்த கபீர் நானாவை நினைத்தால் இப்போதெல்லாம் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. மூத்தவன். எங்கள் வீட்டில் அவனைப் பற்றி யாரும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. 'நானா சொன்னாங்க, நானா வந்தாங்க' என்றுதான் பிறந்ததிலிருந்து என் வாயும் பழகியிருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் அது வரவில்லை. அவன், இவன் என்றுதான் வருகிறது. வந்தபடியே எழுதிவிடுகிறேன்.

தோஹாவில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவனுக்கு வேலை. பிரிண்டருக்கு மை மாற்றுவதும், மேனேஜர் அறைக்கு ஒயர் இழுப்பதும்தான் அந்த வேலை என்று அவனோடு இருந்துவிட்டு வந்த ஒருவர் சொல்லிக் கேள்வி. காரைக்காலில் அவன் பெரிய இஞ்சினியர். லீவில் வந்து இறங்கியதும் சொந்தக்காரர்கள் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வரிசையாக வருவார்கள். என்ன நோயாக இருந்தாலும் ஒரே வைத்தியம்தான். உள்ளே இருப்பதை அழித்துவிட்டுத் தன் பென்டிரைவில் வைத்திருக்கும் திருட்டு விண்டோஸைப் போட்டுவிடுவான். காசு வாங்க மாட்டான். "நன்மைக்குத்தானே செய்றேன்" என்பான். திருட்டுச் சரக்கைக் கொடுத்துவிட்டு அதற்கு நன்மை வேறு. போட்டு முடித்ததும் ஒரு உபதேசமும் உண்டு.

"அப்டேட் போடவான்னு கேக்கும். எப்பவும் குடுத்துறாதீங்க. குடுத்தா படுத்துடும்."

எல்லாரும் தலையாட்டிக்கொண்டு போவார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன்.

நான் ஷஃபீனா. கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுக்கிறவள். ஆண்கள் பக்கத்துக்கு எந்த ஸ்டுடியோக்காரரும் வரலாம், நிக்காஹ் மேடையை எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாம். மருதாணி போடுகிற அன்று பெண்கள் கூடும் கூடத்துக்குள் ஆண் வாடையே கூடாது. அங்கே பர்தா இல்லை, முக்காடு இல்லை. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, நகையைக் காட்டிக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டு இருப்பார்கள். அதை எடுக்க ஒரு பெண்தான் வேண்டும். எடுத்த படத்தைத் திருத்துகிறவளும் பெண்ணாக இருக்க வேண்டும். ஆல்பத்தைக்கூட வெளியே கொடுக்காமல் என் மாடி அறையில் நானே பிரிண்ட் போட்டு ஒட்டிவிடுவேன்.

முதல் படம் எடுப்பதற்கு முன்னால் மணப்பெண்ணின் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ள, இது அமானிதம்" என்பார். "அமானிதம்தான் மாமி" என்பேன். நம்பிக் கையில் கொடுத்த பொருள், கொடுத்தபடியே காப்பாற்ற வேண்டும் என்று அர்த்தம். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இந்த ஊர்ப் பெண்கள் என் முன்னால் முக்காட்டைக் கழற்றினார்கள்.

நானும் காப்பாற்றத்தான் செய்தேன், எனக்குத் தெரிந்த வழியில். மாடி அறைக்குப் பூட்டு, சாவி என் இடுப்பில். என் கணவர்கூட அந்த அறைக்கு வந்தால் படியிலேயே நின்று இருமிவிட்டுத்தான் டீ கேட்பார். ஏசி பார்க்க ஆள் வந்த அன்று மானிட்டர் மேல் உம்மாவின் வெள்ளைத் துப்பட்டியைப் போட்டு மூடினேன். மானிட்டருக்கே பர்தா போட்ட ஒருத்தி காரைக்காலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தக் கம்ப்யூட்டரும் நானா போட்டுக்கொடுத்ததுதான். உள்ளே அவனுடைய விண்டோஸ், அவனுடைய திருட்டு சாஃப்ட்வேர்கள். கூடவே தோஹாவில் இருந்தபடியே உள்ளே நுழைந்து சரிபண்ணுவதற்கு ஒன்றையும் போட்டு வைத்திருந்தான். பிரிண்டர் மக்கர் பண்ணினால் அவனுக்குப் போன் போடுவேன். கொஞ்ச நேரத்தில் திரையில் அம்பு தானாக நகரும். அதைப் பார்த்து உம்மா, "எம்புள்ள அங்கேருந்து கைய நீட்டுது பாரு" என்று கண் கலங்குவார்.

போன மாதம் நௌஷின் கல்யாணம். இரண்டு தெரு தள்ளி அஜீசுன்னிசா மாமியின் மூத்த மகள். மாப்பிள்ளை அப்ரார், தோஹாவில் என் நானாவின் அறையில் தங்கியிருக்கிற பையன். சம்பந்தத்தைப் பேசி முடித்ததே நானாதான். "எங்க ரூம் புள்ள, சொக்கத் தங்கம்" என்று போனிலேயே அத்தனை சிபாரிசு. கல்யாணம் முடிந்து லீவு தீர்ந்ததும் அப்ரார் விமானம் ஏறிவிட்டான். நான் ஆல்பத்தில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் கம்ப்யூட்டர் சண்டித்தனம் பண்ண ஆரம்பித்தது. பொத்தானை அழுத்தியதும் உள்ளே காற்றாடி மில் மாதிரி இரைந்தது. ஒரு மணப்பெண்ணின் முகத்தைத் திருத்திக்கொண்டிருக்கும்போது ஓரத்தில் சூதாட்ட விளம்பரம் குதித்து வந்தது. அதை மூடினால் அதைவிட அசிங்கமான இன்னொன்று. பிஸ்மி சொல்லித் திறக்கிற பெட்டிக்குள் எவன் எவனோ எச்சில் துப்பிவிட்டுப் போன மாதிரி இருந்தது. கடைசியில் ஆல்பம் போடுகிற சாஃப்ட்வேரே திறக்க மறுத்தது. உங்கள் விண்டோஸ் மிகப் பழையது, அப்டேட் செய்யுங்கள் என்றது.

நானாவுக்குப் போன் போட்டேன்.

"அதுதான் அப்டேட்டுக்கு இழுக்குற வேலை. குடுத்துறாதே. நான் போட்ட கிராக்கு அத்தனையும் போயிரும்."

"விளம்பரமா வருது நானா. பாக்கவே அருவருப்பா இருக்கு."

"நீ எதையாவது அமுக்கியிருப்பே. பொம்பளப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? நெட்ட ஆன்லயே வச்சிரு. நேரம் கெடைக்கும்போது உள்ள வந்து பாக்குறேன்."

ஆன்லயே வைத்தேன். ஒரு வாரம் போனது. விளம்பரம்தான் கூடியது. பொறுக்க முடியாமல் சிவப்ரியாவைக் கூப்பிட்டேன். காலேஜில் என்னோடு படித்தவள், இப்போது நெரவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். பெண் என்பதால் மாடி அறைக்குள் வரத் தடையில்லை. சனிக்கிழமை காலையிலேயே ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள்.

முதலில் பெட்டியைத் திறந்தாள். எங்கள் ஊர்க் கடற்காற்றில் எதுதான் துருப்பிடிக்காது? ஆணியெல்லாம் காவி நிறம். உள்ளே தூசியும் முடியும் ஈரத்தில் ஒட்டிக் கம்பளம் மாதிரி படிந்திருந்தது. மூலையில் பல்லி முட்டைகள், ஒன்று பொரிந்து ஓடு மட்டும் கிடந்தது.

"உவ்வே" என்றாள். "ஒங்க நானா லீவுல வந்தா இதத் தொறந்து பாக்கவே மாட்டாரா?"

"பென்டிரைவச் சொருகுவாரு. அவ்வளவுதான்."

துடைத்து மூடிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்டேட் பக்கத்தைத் திறந்தால் எல்லாம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. எந்தப் பொத்தானும் அமுங்கவில்லை. வைரஸைத் தடுக்கும் பகுதிக்குப் போனாள். அதையும் நானா அணைத்து வைத்திருந்தான். திருட்டு சாஃப்ட்வேரை ஓடவைக்கிற கிராக்கை அது பிடித்துவிடக் கூடாதாம்.

"எப்பலேருந்துடி அப்டேட் பண்ணல?"

"போட்ட நாள்லேருந்தே."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நானும் ஒண்ணும் யோக்கியம் இல்ல. வீட்டு லேப்டாப்ல நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா இது வேறடி. விண்டோஸ்ல எங்க ஓட்டை இருக்குன்னு திருட்டுப் பயலுவ கண்டுபிடிச்சிக்கிட்டே இருப்பானுவ. கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க அடைச்சி அனுப்புறதுதான் அப்டேட். ஒங்க நானா ஒண்ணக்கூட அடைக்க விடல. காவலுக்கு இருந்ததையும் தூங்க வச்சிட்டாரு. வாசக்கதவக் கழட்டி வீசிட்டு நீ மாடிக்குப் பூட்டுப் போட்டுக்கிட்டு இருக்கே."

என் இடுப்பில் சாவி உறுத்தியது.

தோஹாவிலிருந்து நுழைவதற்கு அவன் போட்டு வைத்ததையும் கண்டுபிடித்தாள். கம்ப்யூட்டர் திறந்ததுமே அதுவும் திறந்துகொள்ளுமாம். நான் சம்மதம் கொடுக்கவே வேண்டாமாம், பாஸ்வேர்ட் தெரிந்தால் போதும். "பாஸ்வேர்ட் என்னடி?" என்றாள். சொன்னேன். எங்கள் ஊர்ப் பின்கோடு. சொந்தக்காரர் வீட்டுக் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் அதையேதான் வைத்திருக்கிறான், மறந்துபோகாமல் இருப்பதற்காக. சிவப்ரியா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

எல்லாப் படத்தையும் தனி ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டு, மொத்தத்தையும் அழித்து, காசு கொடுத்து வாங்கிய விண்டோஸைப் போடுவது என்று முடிவு செய்தோம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து ஹார்ட் டிஸ்கை மாட்டினாள். அவள் கை மௌஸில் இல்லை, மீன் குழம்பு வாசம் போய்விட்டதா என்று விரலை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையும் இல்லை.

அம்பு நகர்ந்தது.

"ஒங்க நானா வந்துட்டாரு போல" என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். சரிபண்ண வந்தவன் செட்டிங்ஸுக்குப் போக வேண்டும். அம்பு அங்கே போகவில்லை. 'நௌஷின் மருதாணி' என்று நான் பேர் வைத்திருந்த இடத்துக்கு நேரே போய்த் திறந்தது. தேடவில்லை, தடுமாறவில்லை. பலமுறை வந்து போனவன் போல் போனது. படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளியது. நௌஷின் தலையை விரித்துப் போட்டுச் சிரிக்கிற படம் வந்ததும் நின்றது. அவளுக்குப் பின்னால் சீப்போடு நிற்பவள் அவள் தங்கை, காலேஜில் படிக்கிறவள். அம்பு அந்தத் தங்கையின் முகத்துக்குப் போனது. படம் பெரிதானது. இன்னும் பெரிதானது. திரை முழுக்க அவள் முகம் ஆனது.

சிவப்ரியா என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் இன்னொரு கையால் நானாவுக்குப் போன் போட்டேன். உடனே எடுத்தான்.

"நானா, எங்க இருக்கீங்க?"

"வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன். ஏன்?"

"கம்ப்யூட்டருக்குள்ள வந்தீங்களா?"

"ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிட்டு எப்புடி வர்றது? புத்தி கெட்ட கேள்வி கேக்காதே."

திரையில் படம் மாறியது. மறுபடியும் அதே பெண், வேறு பக்கமிருந்து. நான் கீபோர்டை இழுத்து, எழுதுகிற பக்கம் ஒன்றைத் திறந்து, 'யாரு?' என்று தட்டினேன். அம்பு அசையாமல் நின்றது. பிறகு என் எழுத்துக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தாக வந்து விழுந்தது.

'நானாதான்.'

என் காதில் நானா எவனோ டிரைவரை இந்தியில் திட்டிக்கொண்டிருந்தான்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. குளியலறை ஜன்னல் சந்தில் ஒரு கண்ணைப் பார்த்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அந்தக் கண் என்னை அக்கா முறையில் 'லாத்தா' என்று கூப்பிட்டுக்கொண்டு தெருவில் நடந்து போயிருக்கும், என் கையால் பிரியாணி வாங்கித் தின்றிருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"நானா, உள்ள ஒருத்தன் இருக்கான். அவன்தான் நீங்கன்னு சொல்றான்."

இப்போது அலறப் போகிறான், வண்டியை ஓரம் கட்டப் போகிறான் என்று காத்திருந்தேன். சாதாரணமாகத்தான் பேசினான்.

"நம்ம ரூம் பசங்க யாராச்சும் இருக்கும். நான் டூட்டில இருக்கும்போது ஊர்லேருந்து ரிப்பேர்னு போன் வந்தா, பாத்துக் குடுங்கன்னு பாஸ்வேர்டச் சொல்லி வச்சிருக்கேன். எல்லாம் நம்ம ஊர்ப் புள்ளைங்கதான். வெளி ஆளு ஒருத்தரும் இல்ல."

வெளி ஆள் ஒருவரும் இல்லை! இதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. ஏதோ ஒரு நாட்டில் முகம் தெரியாத திருடன் ஒருவன் பார்த்திருந்தால், அதுவும் அசிங்கம்தான். ஆனால் நௌஷின் முக்காடு போடுவது அந்தத் திருடனுக்காகவா? இந்த ஊர்ப் பிள்ளைகளுக்காகத்தானே. மார்க்கெட்டில் எதிரே வருகிறவன், பள்ளிவாசல் முனையில் நிற்கிறவன், அண்ணன் கூட்டாளி, அத்தை மகன். எவன் கண்ணில் படக்கூடாது என்று மூடிக்கொண்டு நடந்தார்களோ, அவனையே தேடிப் பிடித்து உட்காரவைத்துச் சாவியைக் கொடுத்திருக்கிறான். அதைத் தப்பு என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

சிவப்ரியா குனிந்து நெட் ஒயரைப் பிடுங்கினாள். அம்பு பாதித் திரையில் செத்து நின்றது.

"வந்ததுமே புடுங்கியிருக்கணும்டி" என்றாள். "எனக்கும் தோணல பாரு."

படங்களை ஏற்றி, சரியாக ஏறிவிட்டதா என்று திறந்து பார்த்துவிட்டு, அவன் போட்ட விண்டோஸை அடியோடு அழித்தாள். அழியட்டும், அழியட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். புதியதைப் போட்டாள். மோடத்தின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு ஒயரை மாட்டியதும் அப்டேட்டுகள் வரிசையாக இறங்கின. நிற்கும், திரும்ப ஆரம்பிக்கும், மறுபடி ஓடும். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை ஓடியது. அது முடிந்ததும் இனிமேல் தானாகவே அப்டேட் ஆகும்படி வைத்தாள். பத்து பேருக்குத் தெரிந்த பின்கோடு போய், எனக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்ட் வந்தது.

"இனிமே வர்றவன் வர முடியாது" என்று சொல்லிவிட்டு, வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் கொஞ்சம் தயங்கினாள். "ஆனா போனது போனதுதான்டி. அது திரும்பி வராது."

அவள் போன கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. நானா கொதித்துக்கொண்டிருந்தான்.

"என்னா பண்ணி வச்சிருக்கே? உள்ள போவ முடியல?"

"மாத்திட்டேன். அப்டேட் போட்டாச்சு."

"யாரக் கேட்டு மாத்துனே? நான் ராத்திரி பகலா முழிச்சி செட் பண்ணி வச்சது. என்னையவே வெளிய தள்ளுறியா?"

அவனுக்கு வந்த கோபம் இதற்குத்தான். தன் அறையில் எவனோ என் தங்கை வயதுப் பெண்ணின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தானே, அதற்கு வராத கோபம்.

"நான் நௌஷின் வூட்ல சொல்லப் போறேன்" என்றேன்.

சத்தம் சட்டென்று இறங்கியது. "பைத்தியமா ஒனக்கு? சொன்னா ஒன்ன எவ கூப்புடுவா? ஒரு கல்யாணத்துக்கும் கூப்புட மாட்டாளுவ. நாளைக்கு ஒம்மவளக் கேட்டு ஒரு வூட்லேருந்தும் வர மாட்டானுவ. யாருக்கும் தெரியாத விஷயம். தெரியாமயே இருந்துட்டுப் போவட்டும்."

உம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மகனை விட்டுக்கொடுக்க மனசில்லை. "அப்ராரா இருக்கும்டி. கட்டுன பொண்டாட்டியத்தானே பாத்திருக்கான்? அதுல என்னா தப்பு?"

"பாத்தது பொண்டாட்டிய இல்ல உம்மா. தங்கச்சிய. பொண்டாட்டியாவே இருக்கட்டும். அவள மத்தவனுவளும்தானே பாத்திருக்கானுவ?"

உம்மா தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பேச்சு கஷ்டமாகிவிட்டால் எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.

நானா சொன்னதில் ஒன்று உண்மைதான். சொன்னால் என் பிழைப்பு போகும். கேமரா, பிரிண்டர், பூட்டிய மாடி அறை எல்லாம் சும்மா கிடக்கும். சொல்லாவிட்டால் அடுத்த கல்யாண வீட்டில் இன்னொரு உம்மா என் கையைப் பிடித்து 'அமானிதம்' என்று சொல்லும்போது நான் என்ன முகத்தோடு தலையாட்டுவது? அதை நினைத்தபோதுதான் சொல்லிவிடுவது என்று தீர்மானமானது. என் கணவர் ஒன்றும் குறுக்கே சொல்லவில்லை. "நீ வாங்குன அமானிதம், நீதான் பதில் சொல்லணும்" என்றார்.

மறுநாள் காலை அஜீசுன்னிசா மாமி வீட்டுக்குப் போனேன். மாமி வாசலுக்கே வந்து, "வா புள்ள, ஆல்பம் முடிஞ்சிருச்சா?" என்று சிரித்த முகமாகக் கூப்பிட்டார். நௌஷின் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தங்கை ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள், நல்லதாகப் போயிற்று.

உட்காராமலே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. நானாவின் விண்டோஸ், போடாத அப்டேட், பின்கோடு, அறையிலிருந்த பையன்கள், அம்பு திறந்த படங்கள், தங்கையின் முகம். சொல்லச் சொல்ல என் வாயே எனக்கு நாறியது. மாமி சோபாக் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். நௌஷின் மடித்த துணியை மறுபடி மடித்தாள். பிறகு எழுந்துபோய்த் தன் போனை எடுத்துவந்து என் முன்னால் நீட்டினாள்.

தலையை விரித்துப் போட்டுச் சிரிக்கிற படம். பின்னால் தங்கை சீப்போடு.

"இது எனக்கு வந்து நாளாச்சு லாத்தா. எங்க மாப்புள அவங்கதான் தோஹாலேருந்து அனுப்புனாங்க. எப்புடிக் கெடச்சிச்சுன்னு கேட்டேன். ஷஃபீனா லாத்தாட்ட கேட்டேன், உடனே அனுப்பிட்டாங்கன்னு சொன்னாங்க."

"நான் அனுப்பலம்மா. அல்லாஹ் மேல ஆணையா நான் அனுப்பல."

"இப்பத் தெரியுது. அப்பத் தெரியலயே. ஒங்கள நானும் உம்மாவும் ஏசாத ஏச்சு இல்ல."

மாமி தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு என்ன சிரிப்பு என்று அப்போதுதான் புரிந்தது. நான் காப்பாற்றிக்கொள்ளலாமா வேண்டாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்த பேர், இந்த வீட்டில் என்றைக்கோ போய்விட்டிருந்தது. அந்த அறையில் பார்த்தும் பார்த்தார்கள், பழியையும் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். அவமானத்தைவிட ஆத்திரம்தான் எனக்கு மேலே வந்தது. மாமிக்கும் நௌஷினுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்து நானாவுக்குப் போன் போட்டேன்.

"என்னா, புத்தி வந்துச்சா?" என்று ஆரம்பித்தான். "அந்த வூட்டுப் பக்கம் போயிறாதே. அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நாள் போனா எல்லாம் சரியாயிரும். பசங்களக் கூப்புட்டு நான் கண்டிச்சிட்டேன்."

நௌஷின் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"கபீர் நானா, நான் நௌஷின் பேசுறேன்."

அவன் போனை வைக்கவில்லை. பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அந்த அறையில்தான் இருந்தான்.

"என் படத்தப் பாத்தவங்க பேரச் சொல்லுங்க."

"அது ஒண்ணும் இல்லம்மா... யாரோ தெரியாம..."

"பேரச் சொல்லுங்க நானா. என்னைய அவங்களுக்குத் தெரியும். அவங்கள எனக்குத் தெரிய வேணாமா?"

என்னென்னவோ மழுப்பிப் பார்த்தான். அவள் குரலை உயர்த்தவில்லை. அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். கடைசியில் சொன்னான். நசீம். காஜா நஜ்முதீன். ஜெகபர் சாதிக். ஒவ்வொரு பேருக்கும் மாமி கண்ணை மூடித் திறந்தார். எல்லாம் நாங்கள் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புகிற வீடுகள். அதில் இரண்டு பேரின் உம்மாமார் அந்த மருதாணிக்கு வந்திருந்தார்கள். அவர்களும் என் படத்தில் முக்காடு இல்லாமல் இருக்கிறார்கள்.

"அவ்வளவுதாம்மா" என்றான்.

"ஒரு பேர விட்டுட்டீங்க."

"இல்லம்மா, சத்தியமா அவ்வளவுதான்."

"பாத்தவங்களச் சொல்லிட்டீங்க. தொறந்து காட்டுனவங்களச் சொல்லலயே."

மாமி எழுந்து, "வேணாம்டி, வச்சிரு, போன வச்சிரு" என்று கையை நீட்டினார். நௌஷின் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைய அந்த ரூமுக்குப் பேசிக் கட்டி வச்சது நீங்கதானே நானா? அந்தப் பேரையும் நீங்களே சொல்லுங்க."

கபீர் தொண்டையைச் செருமினான். பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

"அப்ரார்" என்றான்.